உன் ஃபோர்ஹேண்ட் அசிங்கமாக இருக்கட்டும்

உன் ஃபோர்ஹேண்டைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. புதன்கிழமை நீ பெங்களூருக்கு ரயிலேறுவதற்கு முன்னால் இதை யாராவது உன்னிடம் சொல்லியாக வேண்டும். உன் அப்பா சொல்ல மாட்டார், அவருக்கு நீ எது செய்தாலும் அழகு. உன் கோச் சொல்ல மாட்டார், அதை உருவாக்கியவரே அவர்தான். உன் நண்பர்கள் அகாடமி எடுக்கிற உன் வீடியோவுக்குக் கீழே நெருப்புப் படம் போட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பது நான். நேரில் சொல்லலாம் என்றால், நான் டென்னிஸ் என்று வாயைத் திறந்ததுமே நீ காதில் இயர்போனைச் செருகிக்கொள்கிறாய். அதனால் எழுதுகிறேன். எழுதியதை நாலு பேர் படிக்கிற இடத்தில் போடுவதற்கும் காரணம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலை வரைக்கும் டென்னிஸ் கோர்ட்டுகளின் ஓரத்தில், பெஞ்சுகளில் உட்கார்ந்து பொழுதைத் தொலைக்கிற அம்மாக்கள் ஏராளம். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் உன் வியாதிதான். உன் பெயரைப் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. வீட்டு விஷயம் வீட்டு விஷயமாகவே இருக்கும், பயப்படாதே.

பெங்களூரில் என்ன நடக்கப்போகிறது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு அரசு அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஒரு இடம். அதற்கு ஆளெடுக்கத் தேர்வு ஆட்டங்கள் வைக்கிறார்கள். ஜெயித்தால் உனக்கு வேலையும் உண்டு, அலுவலக அணியில் இன்னும் சில வருடம் ஆட்டமும் உண்டு. தோற்றால், நீ பத்து வயதிலிருந்து பயிற்சி எடுத்த அதே நாவலூர் அகாடமியில் அடுத்த திங்கட்கிழமை உதவிக் கோச்சாகச் சேர்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறாய். முதுகில் 'கோச்' என்று அச்சடித்த நீலச் சட்டை இப்போதே வீட்டுக்கு வந்துவிட்டது. உன் அப்பா அதை இஸ்திரி போட்டு ஹாங்கரில் மாட்டி வைத்திருக்கிறார். பிள்ளை தோற்பதற்கு முன்னாலேயே தோற்றவனுக்கான சட்டையை மடிப்புக் கலையாமல் தயார் செய்து வைக்கிற குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும். கோச் வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. அந்த அகாடமியில் கோச் வேலை கேவலம் என்றுதான் சொல்கிறேன்.

நீ முதன்முதலில் பந்தடித்தது மாடம்பாக்கத்தில் நம் ஃப்ளாட்டின் கார் நிறுத்தும் இடத்தில், மோட்டார் அறைச் சுவரில். கீழ்வீட்டு அம்மாள் ஒரு நாள் என்னை நிறுத்தி, "ஏம்மா, உன் தம்பிய கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லேன், டொம்மு டொம்முனு சீரியல் பாக்க முடியல" என்றார். "தம்பி இல்லீங்க, என் பையன்" என்றேன். "பையனா! உனக்கா!" என்று சீரியலை மறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். இருபது வயதில் பிள்ளை பெற்றவள் வாழ்நாள் முழுக்கக் கேட்க வேண்டிய ஆச்சரியம் அது. விஷயம் அதுவல்ல. அந்தச் சுவரில் நீ அடித்த ஃபோர்ஹேண்ட், அதாவது வலது கைப் பக்கம் வருகிற பந்தை அடிக்கிற அடி, பார்க்கச் சகிக்காது. முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அடித்து முடித்ததும் ராக்கெட் நெஞ்சுக்கு நேரே அப்படியே நின்றுவிடும், இறுகிப்போன கதவைத் தள்ளுகிறவன் மாதிரி. ஆனால் இரண்டு பக்கமும் கார்கள். நடுவில் இருந்தது ஒரு ஆள் நடந்து போகிற அகலம். பந்து கொஞ்சம் விலகினாலும் ஃப்ளாட் சங்க செக்ரட்டரியின் வண்டியில் பட்டிருக்க வேண்டும். பட்டதேயில்லை. பந்து ராக்கெட்டில் படுகிற வரைக்கும் நீ அதை விட்டுக் கண்ணை எடுக்காததுதான் காரணம்.

அந்தப் பையனைத்தான் சோழிங்கநல்லூர் நெரிசலில் ஸ்கூட்டரில் உட்காரவைத்து நாவலூருக்குக் கூட்டிப்போனோம். அங்கே எல்லாரும் 'சார்' என்று அழைக்கிற அந்தத் தலைமைக் கோச், வெயில் தாழ்ந்த பிறகும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், குடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு பந்து அடித்து நான் பார்த்ததில்லை. அவர் வேலை பார்ப்பது, அடிப்பது அல்ல. உன்னை ஒரு கூடை நிறையப் பந்துகள் அடிக்கவைத்துப் பார்த்துவிட்டு உன் அப்பாவிடம் சொன்னார்: "சார், பையனுக்குக் கண்ணு இருக்கு, கை இருக்கு. ஃபினிஷ்தான் இல்ல. கொண்டு வந்துடலாம்." கடையில் தீர்ந்துபோன சாமானை அடுத்த வாரம் வரவழைத்துத் தருகிற மாதிரி சொன்னார். உன் அப்பா பூரித்துப்போனார்.

டென்னிஸ் ஆடாதவர்களுக்காக: ஃபினிஷ் என்பது பந்தை அடித்து முடித்த பிறகு ராக்கெட் எங்கே போய் நிற்கிறது என்பது. பெரிய ஆட்டக்காரர்களுக்கு அது எதிர்த் தோளுக்கு மேலே சுற்றிப் போய் முதுகுப் பக்கம் விழும், முழங்கை எதிராளியைச் சுட்டும். பார்க்க அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பந்து ராக்கெட்டில் இருக்கிற நேரம் கண் சிமிட்டுகிற நேரத்தைவிடக் குறைவு. அது கிளம்பிப் போன பிறகு உன் ராக்கெட் தோளுக்கு மேலே போனாலும் சரி, கழுத்தைச் சுற்றினாலும் சரி, பந்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. பந்து வருவதற்கு முன்பே தோளைத் திருப்பி, இடது கையை முன்னால் நீட்டி, உடம்புக்கு முன்னால் அதைச் சந்தித்து, கீழிருந்து மேலே வீசியவனுக்கு ராக்கெட் தானாக எங்கோ போய் நிற்கும். உங்கள் அகாடமி அந்த எங்கோவைப் பாடமாக வைத்தது. விருந்து சாப்பிடாமல் ஏப்பம் விடப் பழகுகிற கூட்டம். அதற்கு மாலை நேர வகுப்பு, வார இறுதி வகுப்பு, கோடைச் சிறப்பு முகாம்.

சனிக்கிழமை சனிக்கிழமை வீடியோ எடுப்பார்கள். கோர்ட்டின் வலது பக்கக் கம்பி வேலியோரம் ஒரு ஸ்டாண்டில் போன், அதற்குப் பின்னால் முறைபோட்டு அப்பாக்கள். ஒவ்வொரு பிள்ளையின் ஃபோர்ஹேண்டையும் மெதுவாக ஓடவிட்டு, முழங்கைக்கு ஒரு மஞ்சள் அம்பு, தோளுக்கு ஒரு சிவப்பு அம்பு போட்டு, பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஏற்றுவார்கள். அந்த வீடியோக்களில் எல்லாம் ஒரு ஒற்றுமை உண்டு. பந்து ராக்கெட்டை விட்டுக் கிளம்பி, பையன் தோளுக்கு மேலே ராக்கெட்டைத் தூக்கி ஒயிலாக நின்றதும் படம் முடிந்துவிடும். பந்து எங்கே விழுந்தது என்று அந்தக் குழுவில் இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. நான் பெஞ்சில் புத்தகம் படித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பக்கத்தில் இருந்த ஐ.டி. கம்பெனி அப்பா ஒருவர் தன் போனை என் புத்தகத்துக்கு மேலே நீட்டினார்.

"மேடம், உங்க பையன் ஃபினிஷ பாருங்களேன். அப்படியே டிவில பாக்கற மாதிரி இருக்கு."

"பந்து நெட்டுல இல்ல விழுந்துச்சு?"

"அது விழும் மேடம். நீங்க ஃபினிஷ பாருங்க."

நான் பார்த்தேன். மறுபடியும் மெதுவாக ஓடவிடச் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் அது தெரிந்தது. பந்து ராக்கெட்டில் படுவதற்கு ஒரு கணம் முன்னால் உன் தலை நிமிர்கிறது. முகவாய் வலது பக்கம் திரும்புகிறது. கண் நேராகப் போனைப் பார்க்கிறது. அடிப்பதற்கு முன்பே, அடித்துவிட்டவனின் முகம். பிறகு மற்ற பிள்ளைகளைக் கவனித்தேன். எல்லாத் தலையும் அப்படியே. வலது பக்கம் கேமரா இருந்து இருந்து, வலது பக்கம் திரும்புவதே ஃபோர்ஹேண்டின் ஒரு பகுதி என்று அந்த உடம்புகள் நினைத்துக்கொண்டுவிட்டன. கேமரா இல்லாத நாளிலும் திரும்பின. தலை அசைந்தால் தோள் அசையும், தோள் அசைந்தால் ராக்கெட்டின் நடுவில் பட வேண்டிய பந்து ஓரத்தில் படும். இதற்கு நிபுணர் தேவையில்லை, கழுத்து உள்ள யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். நான் எழுந்து போய் சாரிடம் சொன்னேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி என்னைப் பார்த்தார். "நீங்க பையனோட அக்காவா?" என்றார். "அம்மா." "ஓ. நீங்க டென்னிஸ் ஆடுவீங்களா மேடம்?" "இல்ல." "அதான்" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உன் அப்பா ஸ்டாண்டில் இருந்த போனைச் சரி செய்துகொண்டிருந்தார். நீயும் சிரித்தாய். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, பன்னிரண்டு வயதில் எல்லாரும் சிரிக்கிற பக்கம்தான் சிரிப்பார்கள். ஆனால் உனக்கு இப்போது பன்னிரண்டு வயது இல்லை.

போன மாதக் காலனிப் போட்டியை எடுத்துக்கொள். சேலையூர்ப் பக்கத்துப் பல் டாக்டர், ஐம்பது தாண்டியவர், இரண்டு முட்டியிலும் பட்டை. அவர் ஃபோர்ஹேண்ட் அடிப்பதில்லை, கொசு பேட்டை வீசுகிறார். மனிதர் மரியாதைக்கும் உரியவர் அல்ல. உள்ளே விழுந்த பந்தைக் கூசாமல் வெளியே என்றார், பக்கம் மாறும்போது நோயாளிக்குப் போன் போட்டு வாய் கொப்பளிக்கச் சொன்னார், உன்னோடு ஆட்டம் முழுக்கப் பேசிக்கொண்டேயிருந்தார். நீ அழகாக ஒன்றை வலையில் அடித்துவிட்டுத் தோள் மேல் ராக்கெட்டோடு நின்றபோது, "தம்பி, அப்டியே நில்லு, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றார். வேலிக்கு வெளியே இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த பந்தை நீ கோபத்தில் பக்கத்து மாடி வரைக்கும் அனுப்பினாய். "ஷாட்டு சூப்பர் தம்பி, இன்னா ஒண்ணு, கோர்ட்டு சின்னதா கீது" என்றார். வேண்டுமென்றே மெட்ராஸ் பாஷையில் சொன்னார். உன்னை நேர் செட்களில், ஒரு செட்டைக்கூட விடாமல் தோற்கடித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை உன்னிடமே வாங்கிக் குடித்தார்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து சொன்னாய்: "அவர் ஆடறது டென்னிஸே இல்லம்மா. அசிங்கமா வெட்டறார்."

"அசிங்கம்தான். யார்டா ஜெயிச்சது?"

"அதில்லம்மா..."

"எதில்லடா?"

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் வரைக்கும் யோசித்தாய். பிறகு இயர்போனைச் செருகிக்கொண்டாய். நான் அந்த டாக்டரைப் பாராட்டவில்லை, அவரிடமிருந்து கற்றுக்கொள்ள உனக்கு எதுவும் கிடையாது. அவரைப் போன்ற ஒரு அற்பமான ஆட்டத்திடம் தோற்கிற அளவுக்கு உன்னுடைய அழகு அற்பமாக இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

இதற்கு உன் சார் கண்டுபிடித்த வைத்தியம் என்ன? ஃபினிஷை மாற்றுவது. தோளுக்கு மேலே சுற்றுவது பழசாகிவிட்டதாம். இப்போது ராக்கெட் தலைக்கு மேலே போக வேண்டுமாம், மாடு விரட்டுகிறவன் கயிற்றைச் சுழற்றுகிற மாதிரி. "லேட்டஸ்ட் இதுதான்டா, செலக்டர்ஸ் கண்ணுல பட்டுடும்" என்று சொல்லியனுப்பினார். நீயும் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, பந்தே இல்லாமல், ஒரு வாரமாக அதைப் பழகுகிறாய். வீட்டு மின்விசிறி உயிர் பிழைத்தது அதிசயம். தேர்வுக் குழுவினர் கண்ணில் படுவதற்கு உலகத்தில் ஒரே வழிதான் உண்டு. எதிராளியைவிட ஒரு பந்து அதிகமாக உள்ளே போடுவது. அவர்கள் எண்களைக் குறித்துக்கொள்ள வந்தவர்கள். உன்னைப் பெண் பார்க்க வரவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன், அது உனக்குத் தெரியாது. போன வாரம் உன்னை அழைத்துப்போக நாவலூர் வந்தபோது நீ ஒரு சின்னப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாய். கோச் வேலைக்கு ஒத்திகையாகச் சார் உன்னிடம் ஒப்படைத்த பிள்ளை. ரெட்டைச் சடை, ராக்கெட் அவள் உயரத்தில் பாதி. வருகிற பந்தையெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு, முறைத்துப் பார்த்து, ஓங்கிச் சாத்தினாள். எல்லாம் உள்ளே. நீ அவளை நிறுத்தினாய். "பாப்பா, அடிச்சதும் கைய மேல தூக்கி அப்படியே சிலையா நிக்கணும். ஒன், டூ, த்ரீ எண்ணு. அப்புறம்தான் அசையணும்." அவள் நின்றாள். எண்ணினாள். எதிர்ப்பக்கத்திலிருந்து பந்து திரும்பி வந்தது. "அண்ணா, பால் வருதே?" என்றாள். நீ சொன்னாய்: "வரட்டும். நீ நில்லு."

வாழ்நாளில் நான் படித்த முட்டாள்தனமான வாக்கியங்கள் நிறைய. பாடநூல்களில் படித்திருக்கிறேன், கட்சி நோட்டீஸ்களில் படித்திருக்கிறேன், கல்யாணப் பத்திரிகைகளில்கூடப் படித்திருக்கிறேன். "பால் வரட்டும், நீ நில்லு" என்பதற்கு நிகராக ஒன்று அகப்படவில்லை. வருகிற பந்தை அடிப்பதற்குப் பதிலாக நீ ஒரு பெண்ணுக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தாய். சொன்னது என் பிள்ளையின் வாய். பெங்களூரில் நீ தோற்றால் நீ இதைச் சம்பளத்துக்குச் செய்வாய். ஒரு பெண் அல்ல, ஒரு பட்டாளம். அதனால்தான் நீ ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உன் வேலைக்காக என்று உன் அப்பா நினைத்துக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை உன் நண்பர்கள் யாரும் வரவில்லை. வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தாய். "ம்மா, காலனி கோர்ட்டுக்கு வந்து சும்மா பால் தூக்கிப் போடறியா?" என்றாய். இரண்டு நிபந்தனை வைத்தேன். போன் வீட்டில் இருக்க வேண்டும். ராக்கெட் எங்கே நிற்கிறது என்பது நம் பேச்சில் வரவே கூடாது. நீ தோளைக் குலுக்கினாய், அம்மாவின் அசட்டுத்தனம் என்று. நான் வலைக்கு அந்தப் பக்கம், பாதிக் கோர்ட்டில், கூடையை வைத்துக்கொண்டு நின்று ஒவ்வொன்றாக உன் பக்கம் தூக்கிப் போட்டேன். நீ அடித்தாய், நிமிர்ந்தாய், வலது பக்கம் திரும்பினாய். அங்கே வேலியும், வேலிக்கு அப்பால் ஒரு நாயும்தான் இருந்தன. பந்து நெட்டில்.

"எங்கடா பாக்கற?"

"எங்க விழுதுன்னுதான்."

"அத நான் பாத்துச் சொல்றேன். நீ பாக்காத. பால் பட்ட இடத்தையே பாத்துட்டு நில்லு. உள்ள, வெளிய, ரெண்டு வார்த்த சொல்றதுக்கு எனக்கு டென்னிஸ் தெரிய வேண்டாம்ல?"

முதலில் உன் கழுத்து என் பேச்சைக் கேட்கவில்லை. பத்து வருடப் பழக்கம் அப்படியே நிமிர்த்தியது. "வெளிய" என்றேன். "வெளிய." "நெட்டு." நீ எரிச்சலில் ராக்கெட்டைத் தரையில் தட்டினாய். "சரியா பாத்துச் சொல்லு!" என்று கத்தினாய். சரியாகத்தான் சொன்னேன். உனக்கு வேறு வேலை இல்லாமல் போனதும், பார்க்க ஒரே இடம்தான் மிச்சம் இருந்தது. உன் முகவாய் தாழ்ந்தது. நீ அடித்த பிறகும் பந்து இருந்த காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். "உள்ள" என்றேன். "உள்ள. உள்ள." ராக்கெட் ஒரு முறை இடுப்பில் நின்றது, ஒரு முறை காதோரம் நின்றது, ஒரு முறை நீ கிட்டத்தட்டத் தடுமாறி விழுந்தாய். ஒரு வீடியோவுக்கும் லாயக்கில்லை. சத்தம் மட்டும் மாறியிருந்தது. அதுவரை தகரத்தில் கல் விழுகிற சத்தம், இப்போது கனமாக, ஒரே மாதிரி.

அதற்குப் பிறகு வந்த ஒரு பந்து எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கூடைக்குக் குனிந்து நிமிர்வதற்குள் தோள்பட்டை எலும்புக்குக் கீழே அடித்தது. மூச்சு நின்றுவிட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

"உள்ளயா வெளியயா?" என்றாய், தலையை நிமிர்த்தாமல்.

"என் மேல பட்டுச்சுடா!"

"அப்ப பாயின்ட் எனக்கு" என்றாய். "அடுத்தது போடு."

ஆட்ட விதியும் அதுதான், எதிராளி மேல் பந்து பட்டால் அடித்தவனுக்குத்தான் புள்ளி. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. அடிபட்டது அம்மா என்பதும், அவளுக்கு வலிக்கும் என்பதும், யாராவது உன்னைக் கவனிக்கிறார்களா என்பதும் உன் முகத்தில் எங்கேயும் இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, பந்து வரப்போகிற இடத்தை முறைத்துக்கொண்டிருந்தாய். நீ பிறந்ததிலிருந்து உன்னிடம் மரியாதையைப் பற்றி நான் சொல்லாத நாளில்லை. அந்த முகத்தில் அது துளிகூட இல்லை. அந்த மரியாதை கெட்ட முகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போ. தோளில் கன்றியிருக்கிறது, கையைத் தூக்க முடியவில்லை. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு இதை மெதுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க இந்தப் பக்கம் வந்துவிடாதே.